கேற்றைப் பூட்டு

புதிதாக இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கும் பிள்ளைகளே, பல்லுக்குப் போடுகிற கம்பியைக் கையில் எடுக்க உங்களுக்கு இருக்கிற அவசரத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபிக்காதீர்கள். தொழிலில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், எரிச்சலில் இருந்து இன்னும் பெறவில்லை.

போன மாதம் உங்களில் ஒருவருடைய கிளினிக்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் பல்வரிசையைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டியது ஒரு மெஷின். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று எனக்கே ஆசையாக இருந்தது. பிறகு அந்த டொக்டர் தாயைப் பார்த்து, "விரல் சூப்புறவரோ?" என்று கேட்டார். தாய், "சீ, அவர் எப்பவோ விட்டிட்டார்" என்றார். டொக்டர் "சரி" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிள்ளை கதிரையில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தது. அதனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எழும்பிப் போய் இரண்டு பேரையும் பிடித்து உலுப்பினால் என்ன என்று இருந்தது. மரியாதைக்காகப் பேசாமல் வந்துவிட்டேன். அன்று அடக்கியதையெல்லாம் இப்போது வட்டியும் முதலுமாகக் கொட்டுகிறேன்.

"எப்பவோ விட்டிட்டார்." வெள்ளவத்தையில் கிளினிக் நடத்திய காலம் முழுக்க என் காதில் விழுந்த பொய்களில் முதலிடம் இதற்குத்தான். படித்த பெற்றோர் சொல்வார்கள், படிக்காதவர்கள் சொல்வார்கள், பல் டொக்டர்கள்கூடத் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள். பிள்ளையின் பெருவிரல் மட்டும் மற்ற விரல்களைவிட வெளுத்துச் சுருங்கிச் சுத்தமாக இருக்கும். அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தாய் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுவார்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வருடக்கணக்கில் விரல் வாய்க்குள் இருந்தால் மேல்முன்பற்கள் வெளியே தள்ளும். பின்பற்கள் கடித்தாலும் முன்னால் ஒரு வெளி மூடாமல் நிற்கும். அதன்பிறகு, விழுங்கும்போதும் பேசும்போதும் நாக்கு அந்த வெளியை அடைக்க முன்னுக்கு வந்து பழகும். விரல் போனாலும் நாக்குப் போகாது. நீங்கள் கம்பி போட்டு இழுத்து மூடுவீர்கள். நாக்கு ஒரு நாளும் லீவு எடுக்காமல் தள்ளித் திறக்கும். இதைச் சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள்தான் நீங்கள் எல்லோரும். ஒரு தாய் எதிரே உட்கார்ந்து அவசரப்படுத்தினால் எப்படி மறந்துபோகிறது?

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தகப்பன் வந்தார். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். மகன் எந்த நேரமும் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான், பல்லும் கோணலாகிறது என்று முறைப்பாடு. கிளினிக்குள் இருந்த நேரம் முழுக்க, "வாயை மூடடா, ஈ போகப்போகுது" என்று அந்தப் பிள்ளையை அதட்டிக்கொண்டே இருந்தார். நான் பிள்ளையின் மூக்கின் ஒரு பக்கத்தை விரலால் மூடி, மற்றப் பக்கத்தால் மூச்சு விடச் சொன்னேன். வரவில்லை. மற்றப் பக்கமும் வரவில்லை. வாயையும் மூடினால் பிள்ளை எதனால் மூச்சு விடுவது? பல்லை விட்டுவிட்டு முதலில் மூக்கு, தொண்டை பார்க்கிற டொக்டரிடம் போகச் சொன்னேன். "பல்லுக்கு வந்தனாங்கள், மூக்குக்கு அனுப்புறியள்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையை எடுத்த பிறகு பிள்ளை தானாகவே வாயை மூடிக்கொண்டது. தகப்பன் மட்டும் தன் அதட்டல்தான் பலித்தது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பார்.

சரி, நான் சொல்லவந்தது ஆரணியின் கதை. அதற்கு முதலில் என் கிளினிக்கின் கேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காலி வீதி என்கிற பெருந்தெருவில் இருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன்னறைதான் என் கிளினிக். எனக்குத் தொழில் பழக்கிய ஆசிரியரும், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுகிறவர், அங்கேதான் இருந்தார். அந்த வீட்டின் வெளிவாசலுக்கு ஓர் இரும்புக் கேற். வருகிறவர்கள் திறந்துபோட்டபடி வருவார்கள், ஒழுங்கையில் உள்ள நாய்கள் பின்னால் வரும். மூன்று மொழியிலும் அறிவித்தல் எழுதி மாட்டினோம். மூன்று மொழிக்காரரும் பூட்டவில்லை. சேர் நாள் முழுக்க ஜன்னலால், "கேற்றைப் பூட்டு!" என்று கத்துவார். அப்படிக் கத்துகிறபோதுதான் ஒரு நாள் தன் நாக்கு எங்கே போய் முட்டுகிறது என்று கவனித்தாராம். மேல்முன்பல்லுக்குப் பின்னால், பல்லைத் தொடாமல், முரசில், அதுதான் ஈறில், இருக்கிற அந்தச் சின்ன மேடு. ஒரு பிள்ளையின் நாக்கு ஓய்ந்திருக்க வேண்டிய இடமும் அதேதான். "நாக்கை அங்கை வை, இங்கை வை" என்று மணிக்கணக்காக விளக்கினாலும் பிள்ளைக்கு விளங்காத இடத்தை, எங்கள் ஆட்கள் 'ற்ற' சொல்லுகிற விதமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாக்கு முன்னால் தள்ளுகிற பிள்ளைக்கு அதே சொல் 'கேத்தை' என்று பல்லிடுக்கால் வழியும். அன்றிலிருந்து சேருக்கு அதுதான் சோதனை, அதுதான் வைத்தியம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். முதல் முறை வருகிற எந்தப் பிள்ளையையும் "கேற்றைப் பூட்டு" என்று சொல்லவைக்காமல் நான் வாயைத் திறக்கச் சொன்னதில்லை.

ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாய் கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர். வேலைச் சேலையோடு, கையில் இரண்டு போனோடு வந்தார். தகப்பன் கார் நிறுத்த இடம் தேடி ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வேறை இடத்திலை கம்பி போட்டு எல்லாம் முடிச்சது டொக்டர்," என்றார் தாய். "கழட்டி ஒரு வருசம் ஆகேல்லை, பாருங்கோ கோலத்தை."

ஆரணி பல்லைக் கடித்துக் காட்டினாள். பின்பற்கள் சேர்ந்தன. முன்னால் வெளி திறந்தபடி நின்றது. அதனூடாக நாக்கு நுனி எட்டிப் பார்த்தது.

"பள்ளிக்கூட நாடகத்திலை இவவுக்குத் தூதுவன் வேசம்," தாய் நிறுத்தவில்லை. "ஓடிவந்து 'வெற்றி, மன்னா, வெற்றி' எண்டு கத்த வேணும். இவ சொன்னா 'வெத்தி' எண்டு விழுது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. வாற மாசத்துக்கிடையிலை சரிவராட்டி வேறை பிள்ளைக்குக் குடுப்பன் எண்டு ரீச்சர் சொல்லிப்போட்டா. இவ இப்ப வீட்டை விட்டு வெளிக்கிட்டா வாயைப் பொத்தினபடிதான், திறக்கிறேல்லை."

நான் ஆரணியைப் பார்த்து, "உமக்கு அந்த நாடகம் விருப்பமோ?" என்றேன்.

"சரியான விருப்பம் டொக்டர்," என்றார் தாய்.

"முன்பல்லாலை கடிச்சுச் சாப்பிட ஏலுமோ பிள்ளை?"

"எங்கை ஏலும்? எல்லாம் பக்கத்தாலைதான்," என்றதும் தாய்தான்.

"விரல் சூப்புற பழக்கம்..."

"அது அவ எப்பவோ விட்டிட்டா."

எனக்குள்ளே ஏதோ கொதிக்கத் தொடங்கியது. அடக்கிக்கொண்டு, "ஆரணி, 'கேற்றைப் பூட்டு' எண்டு ஒருக்காச் சொல்லும், பாப்பம்" என்றேன்.

"கேத்தைப் பூட்டு," என்றார் தாய்.

பிள்ளைகளே, சோதனைச் சொல்லையே பிள்ளைக்குப் பதிலாகச் சொன்ன தாயை நான் அன்றுதான் கண்டேன். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்ன 'கேத்தை'யையும் காதில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"அம்மா கொஞ்ச நேரம் வெளியிலை இருங்கோ," என்றேன்.

"அவ தனிய ஒண்டும் சொல்லமாட்டா டொக்டர்."

"சொல்லாட்டி பரவாயில்லை. இருங்கோ."

கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்குக் கூச்சம் தெளியட்டும் என்று, தெரிந்த கேள்வியையே கேட்டேன். "எத்தனை வயசு உமக்கு?"

"பன்ரெண்டு டொக்டர்!" என்று கதவுக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. எச்சில் உறிஞ்சுகிற மெஷினை எடுத்துச் சும்மா ஓடவிட்டேன். அந்த இரைச்சலுக்குள் இந்தப் பக்கம் கதைப்பது அந்தப் பக்கம் கேட்காது. ஆரணிக்கு நான் செய்தது விளங்கிவிட்டது. அவள் கண்களில் முதல் முறையாக ஒரு சிரிப்பைக் கண்டேன். நான் குனிந்தேன்.

"அன்ரி, நான் இப்பவும் சூப்புறனான்," என்றாள். தாய்க்கு டொக்டராக இருந்த நான் அந்த இரைச்சலுக்குள் அவளுக்கு அன்ரி ஆகிவிட்டேன்.

"எப்ப?"

"படுக்கேக்கை. படிக்கேக்கையும் சில நேரம்."

"கம்பி இருக்கேக்கை?"

"அப்பவும்தான். பக்கத்தாலை வைப்பன்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

ஓம் என்று தலையை ஆட்டினாள். "டொக்டர்மாரிட்டைச் சொல்லக்கூடாது எண்டவ. இந்த வயசிலை சூப்புறனெண்டு ஆரும் அறிஞ்சா பட்டப்பேர் வைச்சுப்போடுவினமாம். நான் சொன்னனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ அன்ரி."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. முதலில் கம்பி போட்ட டொக்டர் ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் மூடியதை இவள் விரலும் நாக்கும் சேர்ந்து திறந்திருக்கின்றன. அவரிடம் ஒரு பொய், இப்போது என்னிடம் அதே பொய். நடுவில் அகப்பட்டுக்கொண்டது இந்தப் பிள்ளையின் வாய்.

தாயை உள்ளே கூப்பிட்டதும் அவர் அடுத்த குண்டைப் போட்டார். "நீங்கள் ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. இன்னொரு டொக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கிப்போட்டு இறுக்கிக் கம்பி போட்டாத்தான் நிக்கும் எண்டு சொன்னவர். வெள்ளிக்கிழமைக்கு நேரம் எடுத்து வைச்சிருக்கிறன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வெள்ளிக்கிழமை இரண்டு நல்ல பல் போகப்போகிறது. விரல் நிற்காமல், நாக்குப் பழகாமல் போடுகிற கம்பி மறுபடியும் வீண். இரண்டாம் முறையும் தோற்றால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் திரியும். தடுக்க வேண்டும் என்றால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஆரணி இனி எந்த டொக்டரையும் நம்பமாட்டாள். தாயோ அவமானத்தில் பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே வெள்ளிக்கிழமைக்குத்தான் போவார். உங்களில் பலர் இந்த இடத்தில் ஒரு விரிவுரை நடத்துவீர்கள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது.

"ஆரணி, அப்பா கார் விட்டிட்டாரோ எண்டு பாத்திட்டு வாரும்," என்று அவளை அனுப்பினேன். பிறகு தாயின் கையில் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொடுத்தேன்.

"'கேற்றைப் பூட்டு' எண்டு நீங்கள் இன்னொருக்காச் சொல்லுங்கோ. இதைப் பாத்துக்கொண்டு."

"நானோ? எனக்கென்ன?"

"சொல்லுங்கோ."

"கேத்தைப் பூட்டு," என்றார். நாக்கு பல்லிடுக்கால் வெளியே வந்து போனது. அவர் அதைக் கண்டார். இன்னொரு முறை, நான் கேட்காமலே, மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டார். மகளுக்கு வாயைப் பொத்துகிற பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது.

கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"பள்ளிக்கூடத்திலை என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவை தெரியுமோ டொக்டர்?" என்றார் கையை எடுக்காமலே. "சூப்பி. கைக்குழந்தைக்கு வாயிலை வைக்கிற சாமான். பதினாறு வயசிலை ஓ.எல். சோதனை எழுதுற மட்டும் எனக்கு அதுதான் பேர். சொந்தப் பேரை ஆரும் சொன்னதா நினைவில்லை. இப்பவும் ஒரு கூட்டத்திலை கதைக்க எழும்பினா, ஆரோ பின்னாலை இருந்து அந்தப் பேரைச் சொல்லுற மாதிரித்தான் இருக்கும்."

பிறகு, நான் ஒரு கேள்வியும் கேட்காமல், "ஆரணி இன்னும் விடேல்லை," என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம், இந்தத் தொழிலில் அது உங்களுக்கு அடிக்கடி நடக்கும். "பேர் வைப்பினம் எண்ட பயத்திலை நீங்களே பிள்ளையின்ரை வாயைப் பூட்டி வைச்சிருக்கிறியள்," என்றேன். "அவவைக் கேட்ட கேள்விக்கு ஒருக்காலும் அவ மறுமொழி சொல்ல விடேல்லை நீங்கள். வெள்ளிக்கிழமையை நிப்பாட்டுங்கோ."

"அப்ப நாடகம்?"

"நாடகத்துக்கு என்னாலை ஒரு உறுதியும் தர ஏலாது."

அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமலும் முடியாது. ஒரு மாதத்தில் நாக்குப் பழகாது, பழகும் என்று யார் சொன்னாலும் பொய். அவர் அழுதார். அழுதுகொண்டே போனை எடுத்து வெள்ளிக்கிழமையை நிறுத்தினார்.

விரலை விடுவதா இல்லையா என்று நான் ஆரணியிடமே கேட்டேன். கோச்சி மிளகாய் பூசு, பாவற்காய்ச் சாறு பூசு என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அவர்கள் விரலில் பூசிவிடுங்கள். விட வேண்டியது பிள்ளை, அதற்கு மனம் வர வேண்டியதும் பிள்ளைக்குத்தான். "விடுறன் அன்ரி, ஆனா நித்திரையிலை எனக்குத் தெரியாமல் போகும்," என்றாள். முழங்கையைச் சுற்றி, இழுபடுகிற கிரேப் பண்டேஜ் துணியைத் தளர்வாகக் கட்டிப் படுக்கச் சொன்னேன். மடக்கினால் இலேசாக இழுக்கும், கை தானாக நிமிர்ந்துவிடும். தண்டனை அல்ல, ஞாபகப்படுத்துவதற்கு மட்டும் என்று அவளுக்கே விளக்கினேன். நாக்குப் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தாயிடம் கொடுக்கவில்லை. அவர் பிள்ளைக்குப் பதிலாகத் தானே செய்துவிடுவார். தகப்பனிடம் கொடுத்தேன். அந்த மனிதர் அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. காலி வீதி நெரிசலில் கார் நகராமல் நிற்கிற நேரமெல்லாம் இரண்டு பேரும் "கேற்றைப் பூட்டு, பற்றறி, நேற்று, காற்று" என்று சொல்லிக்கொண்டு வருவார்களாம். பக்கத்துக் கார்க்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று அவள் சொன்னாள். ஆனாலும் வாயைப் பொத்தவில்லையாம்.

தூதுவன் வேசம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. நாடகம் முடிந்த கிழமை ஆரணி கிளினிக்குக்கு வந்தாள். "அவள் நல்லாச் செய்தவள் அன்ரி," என்றாள். கண் நிறைந்திருந்தது. அந்த ரீச்சரின் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வெத்தி என்றால் வெத்தி, ஒரு பிள்ளை வென்று வந்த செய்தியைச் சொன்னால் சபைக்கு விளங்காமலா போகும்? ஆனால் அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. "சரி, கேற்றைப் பூட்டும் பாப்பம்," என்றேன். நாக்கால் பூட்டினாள், பாதி.

விரல் இடையிடையே திரும்பி வந்தது. பள்ளிக்கூடச் சோதனைக் காலத்தில் வந்தது, காய்ச்சலில் வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் அவளே என்னிடம் சொன்னாள். எனக்கு அது போதும். விரல் போய், நாக்குத் தன் இடத்தில் இருக்கப் பழகிய பிறகுதான் கம்பியைக் கையில் எடுத்தேன். ஒரு பல்லையும் பிடுங்கவில்லை. கம்பி கழற்றிய பிறகும் அவளைப் போய்விட விடாமல் வரச்சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளி திறக்கவில்லை.

நான் கிளினிக்கை மூடப்போகிற காலத்தில் கடைசியாக ஒரு முறை வந்தார்கள். ஆரணி தாயின் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். ஒழுங்கையில் இருந்தே குரல் கேட்டது.

"அம்மா, கேற்றைப் பூட்டிப்போட்டு வாங்கோ!"

ற்ற, சுத்தமாக. என் கிளினிக் வரலாற்றில் அந்தக் கேற்றைச் சொன்னவுடன் பூட்டிய ஒரே ஆள் அந்தத் தாய்தான்.

"இந்த முறையும் நாடகம் இருக்கு அன்ரி," என்றாள் கதிரையில் ஏறாமலே. "எனக்கு ராசா வேசம். ஆனா ராசாவுக்கு 'வெற்றி' எண்ட சொல்லு ஒரு இடத்திலையும் வராது. தூதுவன்தான் வந்து சொல்லுவான். நான் 'நல்லது' எண்டு மட்டும் சொல்ல வேணும். எனக்குச் சரியான கோவம்." அந்தக் கோபத்தோடு, "வெற்றி! வெற்றி!" என்று வெளியே காத்திருந்தவர்கள் திடுக்கிடுமளவுக்குக் கத்திக் காட்டினாள்.

பற்களைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. "விரல் எப்பிடி?" என்று கேட்டேன். தாய் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், மகளைப் பார்த்தார்.

"மூண்டு வருசமா இல்லை அன்ரி," என்றாள் ஆரணி.

அவள் இறங்கியதும் தாய் கைப்பையை நாற்காலியில் வைத்தார். ஏதோ களவு செய்ய வந்தவர்போலக் குரலைத் தாழ்த்தி, "டொக்டர், என்ரை வயசிலை இது சரிவருமோ?" என்றார்.

"ஏறுங்கோ, பாப்பம்."

ஏறிப் படுத்தார். லைற்றைத் திருப்பினேன். "நீங்கள் எத்தனை வயசு மட்டும் விரல் சூப்பினீங்கள்?"

"பத்து வயசு மட்டும் அன்ரி!" என்றாள் ஆரணி வாசலில் நின்று. "பெரியம்மா சொன்னவ. பேந்து கீழ்ச்சொண்டைக் கடிக்கிற பழக்கமும் இருந்ததாம். அம்மாவுக்கு முன்பல்லாலை அப்பிளும் கடிக்க ஏலாது..."

"நான் உம்மட்டைக் கேக்கேல்லை," என்றேன். "வெளியிலை போய் இரும்."

"அம்மா தனியச் சொல்லமாட்டா அன்ரி."

அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். எச்சில் உறிஞ்சுகிற மெஷினை ஓடவிட்டேன். பிறகு தாயின் பக்கம் குனிந்து, "இனி நீங்கள் சொல்லுங்கோ," என்றேன்.